பூஜ்யத்திலிருந்து எண்ணும் பெட்டி

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்கள் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில், ஆறாம் பாத்தித் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது; அங்கே நின்று யார் பொய் சொன்னாலும் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும், பெரிய பொய்யானால் இரண்டு மூன்று தடவை கேட்கும், கேட்டதும் சொன்னவர் தலையைச் சொறிந்துகொண்டு திருத்திச் சொல்லுவார், அவ்வளவுதான். மீன்கூடையோடு வருகிறவர்கள் "இன்னைக்குப் புடிச்சது" என்று கூவுவதை அந்தத் தெருவுக்குள் நிறுத்தி வெகுநாளாகிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் பெருமைகளையெல்லாம் தெருமுனை டீக்கடையிலேயே பேசி முடித்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்பது தெருவாசிகளின் அபிப்பிராயம். கொசு இருக்கிறது, உப்புக்காற்று இருக்கிறது, இதுவும் இருக்கிறது.

அந்தச் சத்தம் எஸ்கலின் வீட்டுப் பெட்டியில் பிறந்தது. எஸ்கலினுக்கு நாற்பத்திரண்டு வயது, புருஷனுக்குக் கப்பலில் வேலை, அவள் பதினைந்து வருஷம் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள், கம்ப்யூட்டர் என்றால் அவளுக்குப் பயம் கிடையாது. வெள்ளம் வந்த வருஷம் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்தபோது, ரேஷன் கார்டு, வீட்டு வரி கட்டின தீர்வை ரசீது, ஞானஸ்நான சர்டிபிகேட், கரண்ட் பில் என்று எல்லாம் ஊறிப்போய்க் கிடந்தன. கோயில் வளாகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, துணி கிளிப் போட்டு அத்தனையையும் காயவைத்தார்கள். அவள் கொடி கொடியாகப் போய் ஒவ்வொன்றையும் படமெடுத்தாள், பிறகு நாலு ஹார்ட் டிஸ்க் வாங்கி ஒரே பெட்டிக்குள் பொருத்தி, வீட்டுக்குள்ளேயே ஒரு சர்வர் செய்து, எல்லாவற்றையும் அதில் ஏற்றினாள்.

"நாலுல ஒண்ணு செத்தாலும், மத்த மூணும் சேந்து செத்தவன்கிட்ட என்ன இருந்துச்சுன்னு சொல்லிரும்" என்று அவள் விளக்கினபோது தெருவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது, சாவு விழுந்த துஷ்டி வீட்டில் அவர்கள் செய்வதும் அதைத்தானே. கல்யாண கேசட்டுகள் வந்தன, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கின முதல் நன்மை போட்டோக்கள் வந்தன, கப்பலில் போனவர்கள் பேசி அனுப்பிய குரல்கள் வந்தன, எல்லாம் பெட்டிக்குள் போயின. அதோடு நின்றிருக்கலாம். மாதா திருவிழாவுக்கு வெள்ளையடிக்கிறபோது, பூஞ்சை பிடித்த பழைய காகிதங்களை "அதான் பெட்டியில இருக்கே" என்று கடற்கரையில் குவித்துக் கொளுத்திவிட்டு, வீடு சுத்தமான சந்தோஷத்தில் மிட்டாய் வாங்கித் தின்றார்கள். இப்படி ஒரு காரியத்தை அந்தத் தெருவைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

ஐந்து வருஷம் கழித்து நோட்டீஸ் வந்தது. உப்பளத்தின் வழியாக லாரிகள் போக ஒரு பெரிய சாலை வருகிறதாம். வரைபடத்தில் தெரு இருந்த இடத்தில் "காலி உப்பு நிலம், குடியிருப்பு ஏதுமில்லை" என்று எழுதியிருந்தது, ஆட்சேபணை உள்ளவர்கள் பத்து நாளில் ஆதாரத்தோடு விசாரணைக்கு வரலாம் என்று கீழே ஒரு வரி. இல்லாத தெருவுக்கு எப்படித் தபால்காரரை அனுப்பினார்கள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, அத்தனை கோபம். தெருக் கமிட்டித் தலைவர் கஸ்பார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், கிரேன் மேலிருந்து பேசிய பழக்கத்தில் தரையிலும் கத்தியே பேசுகிறவர், நேரே எஸ்கலின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏ எஸ்கலின், அந்த ஆதாரமெல்லாத்தையும் எடுத்துக் குடு தாயி. காலி நெலமா, ஆளு குடியிருக்க தெருவான்னு காட்டிருவோம்."

அவள் திரையைப் பார்த்தாள். "டிஸ்க் 2 பழுது" என்று சிவப்பில் நின்றது. அவள் பதறவில்லை, ஒன்று போனால் மூன்று இருக்கிறது, புது டிஸ்க்கும் அலமாரியில் தயாராக இருந்தது, பழுதானதை உருவிவிட்டுப் புதியதைச் சொருக வேண்டியதுதான். வாசலில் கஸ்பார் "ஆச்சா, ஆச்சா" என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் இடமிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி இரண்டாவதை உருவினாள். பெட்டியோ பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது: பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று. பதினைந்து வருஷமாகத் தெரிந்த சங்கதி அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்கு மறந்துபோனது, அவள் உருவியது நல்ல டிஸ்க். திரை மொத்தமும் சிவப்பானது, அவள் பதறித் திரும்பியதில் கையிலிருந்தது சிமெண்ட் தரையில் விழுந்தது. எடுத்துத் துடைத்துத் திரும்பச் சொருகியபோது அது டிக், டிக், டிக் என்று நகத்தால் தகரத்தைச் சுண்டுகிற மாதிரி அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. நாலில் இரண்டு போனால் மீதி இரண்டும் வாய் திறக்காது.

"என்னாச்சு?" என்றார் கஸ்பார்.

"கரண்டுண்ணே" என்றது எஸ்கலினின் வாய். "ஏத்த எறக்கமா வந்து அடிச்சிட்டு."

கஸ்பாரின் கண் சுவரைத் தாண்டிப் போனது. பக்கத்து அறையில் எஸ்கலினின் நாத்தனார் ஜெபமாலை, தெரு முழுவதற்கும் இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறவள், கிரைண்டரை ஓடவிட்டிருந்தாள். "இந்தக் கிரைண்டரும் அதே லைன்லதான் ஓடுதா?" என்று அவர் கேட்டார். ஆமாம் என்றும் எஸ்கலின் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அது போதுமானதாக இருந்தது. மறுநாள் காலையில் ஜெபமாலையிடம் மாவு வாங்க ஒரு சட்டிகூட வரவில்லை.

நாலு நாள் எஸ்கலின் தனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் செய்து பார்த்தாள். ஒயரை மாற்றினாள், டிஸ்க்கைக் குப்புறப் போட்டாள், பக்கவாட்டில் நிறுத்தினாள், மீட்டெடுக்கிற மென்பொருள் ஒவ்வொன்றாக ஓட்டினாள். சென்னையில் டிஸ்க் திறந்து பார்க்கிற கடைக்குப் போன் போட்டதற்கு, உள்ளே எழுத்தைப் படிக்கிற முள் அடிபட்டிருக்கும், தூசியில்லாத அறையில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும், மூன்று வாரம் ஆகும், வருமென்று சொல்ல முடியாது என்றார்கள். விசாரணைக்கு ஆறு நாள்தான் இருந்தது. டிஸ்க் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது, அடுத்த அறையில் மாவு புளித்துக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் ஜெபமாலை பொங்கி வழிகிற மாவு டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டிக்கு முன்னால் தொப்பென்று வைத்தாள்.

"ஏ பெட்டி! ஒனக்குள்ளதான என் கல்யாணமும் கெடக்கு? கேட்டுக்கோ. அன்னைக்கி மாப்ள வீட்டு வண்டி ரெண்டு மணி நேரம் பிந்தி வந்துச்சு. ஆட்டுக்கறியில உப்பு பத்தல. எங்கப்பா பந்தியில வாளியோட நின்னு அழுதாரு, யாரும் பாக்கல, நான் பாத்தேன். போட்டோவுக்குச் சிரிச்சிக்கிட்டு நின்னேன், உள்ளுக்குள்ள ஓடிப் போயிரணும்போல இருந்துச்சு. இவ்வளவும் நெசம். ஒன்னிய நான் கெடுக்கல, அதுவும் நெசம்!"

சத்தம் நின்றது. டிஸ்க் சீராகச் சுழல்கிற முனகல் கேட்டது, திரையில் ஒரு வீடியோ தானே திறந்தது, பந்தி ஓரத்தில் வாளியோடு ஒரு மனிதர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்தா, அப்பா" என்றாள் ஜெபமாலை. கொஞ்ச நேரம் பார்த்தாள், மூக்கைச் சிந்தினாள், டிரம்மைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எஸ்கலினும் ஆச்சரியப்பட நேரமில்லாமல் அந்த வீடியோவைப் புது டிஸ்க்கில் நகலெடுத்தாள். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்துக்குச் சத்தம் வரவில்லை என்பதை அவள் காது குறித்துக்கொண்டது, வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது, அப்போதும் வாய் திறக்கவில்லை.

செய்தி பரவிய ஒரு மணி நேரத்தில் வாசலில் வரிசை நின்றது. ரேஷன் கடை மாதிரி டோக்கன் போட்டார்கள், கஸ்பார் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆளைக் கூப்பிட்டார், ஒவ்வொருவராக உள்ளே போய்த் தங்களுடையதைப் பெட்டியிடம் உள்ளபடி சொன்னார்கள். உள்ளபடி சொன்னால் திறந்தது, இட்டுக்கட்டினால் டிக்கென்று அடித்தது. தன் மகள் ஞானஸ்நானத்துக்குத் தானே பிடித்த ஒன்றரை ஆள் நீள வஞ்சிரத்தைச் சமைத்ததாக ஒருவர் சொன்னார், டிக். ஒரு ஆள் நீளம் என்றார், டிக். முழங்கை நீளம் என்றார், டிக். கடைசியில் சந்தையில் வாங்கின சின்னச் சாளைமீன் என்று அவர் முணுமுணுத்ததும் மகள் வெள்ளைக் கவுனில் திரையில் சிரித்தாள். பதினோரு வருஷமாக முகம் பார்க்காமல் ஒரே வீட்டில் இருந்த ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள், அவர் சொன்னதில் கல்யாணம் தாலிகட்டு வரை திறந்தது, மீதியை அந்த அம்மாள் சொன்ன பிறகுதான் திறந்தது, அதற்காக இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. வரிசையில் நிற்பவர்கள் உண்மையை வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்தார்கள், அதில் சில வீடுகளில் பாத்திரங்கள் உடைந்தன. இதை ஏன் என்று யாரும் ஆராயவில்லை. கோயிலில் சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்து பழகிய சனம், இந்த வரிசை அதைவிட வேகமாக நகர்கிறது என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

மூன்று நாளில் தெருவின் கல்யாணங்களும் சாவுகளும் கப்பல் குரல்களும் திரும்பி வந்துவிட்டன. ஆனால் எது வேண்டுமோ அது வரவில்லை. "ஆதாரம்" என்று பெயரிட்ட அந்த ஒரு கட்டு மட்டும் யார் வந்து எதைச் சொன்னாலும் டிக், டிக் என்று மறுத்தது. கஸ்பார் தன் தீர்வை ரசீதின் தேதி, மழை ஒழுகிய மூலை, மை கொட்டிய இடம் எல்லாவற்றையும் தப்பில்லாமல் சொன்னார், அது அசையவில்லை. விசாரணைக்கு இரண்டு நாள் இருந்தது. தெரு வாசலில் நின்றது, கைகளைப் பிசைந்தது, ஜெபமாலையின் கதவை முறைத்தது.

எஸ்கலின் எழுந்து வாசலுக்கு வந்தாள். குரல் கஸ்பாரின் குரலைவிடப் பெரிதாக வந்தது.

"மதினி மேல ஒரு தப்பும் கெடையாது. கரண்டும் இல்ல, கிரைண்டரும் இல்ல. கெட்ட டிஸ்க்க விட்டுட்டு நல்ல டிஸ்க்க உருவுனது நான். பெட்டி பூஜ்யத்துலருந்து எண்ணும், நான் ஒண்ணுலருந்து எண்ணுனேன். கீழ போட்டதும் நான். அத மறச்சதும் நான். அவ்வளவு மாவும் புளிக்கதப் பாத்துக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்ததும் நான்தான்."

உள்ளே சத்தம் நின்றது. திரையில் காகிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டே போயின, கொடியில் தொங்கிய அதே ஈரத்தோடு, அதே கிளிப்போடு. தெரு "மாதாவே" என்று கத்தியது. ஜெபமாலை தன் கதவிலிருந்து எஸ்கலினைப் பார்த்துவிட்டு, "இத அன்னைக்கே சொல்லித் தொலைக்கதுக்கு என்ன?" என்றாள், மூன்று நாள் அவளோடு பேசவில்லை, சோறு மட்டும் போட்டாள்.

தெருவில் கதவு எண்கள் ஒன்றிலிருந்து அறுபத்து மூன்று வரை. அந்தக் கட்டுக்குள் இருந்த தீர்வை ரசீதுகளோ அறுபத்து நாலு. எஸ்கலின் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுப் பட்டியலின் தலைக்குப் போனாள், அங்கே 01க்கு மேலே 00 என்று ஒன்று இருந்தது. அது சுடலியின் தீர்வை ரசீது. சுடலி உப்பளத்தில் உப்பு வாருகிறவள். தெரு தொடங்கும் முன்னே, ஓடைக்கரையில், ஒன்றாம் நம்பர் வீட்டுக்கு இந்தப் பக்கம் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறவள். அவள் வேறு சனம், வேறு சாமி, கமிட்டியில் பெயரில்லை, திருவிழா வரிகூட அவளிடம் கேட்பதில்லை, தெரு அவளை எண்ணியதே கிடையாது. வெள்ளத்தன்று கொடியின் கடைசி முனையில் தன் காகிதத்தைத் தானே மாட்டிவிட்டு அவள் தள்ளி நின்றதும், அங்கிருந்துதான் படமெடுக்கத் தொடங்கியதும், கதவு எண் இல்லையே என்று 00 போட்டதும் எஸ்கலினுக்கு ஞாபகம் வந்தது.

"அத எடுத்துரு" என்றார் கஸ்பார், முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி. "ஓடைக்கரை வீடு அது. அதச் சேத்தோம்னு வையி, ஓடைப் பொறம்போக்குன்னு சொல்லி நம்ம எல்லாத்தையும் சேத்துத் தள்ளிருவானுவ. நம்ம தெரு அறுபத்தி மூணு வீடு."

டிக்.

எல்லோரும் கேட்டார்கள். மூன்று நாளாக அந்தச் சத்தத்துக்குப் பயந்து சாளையைச் சாளை என்று ஒப்புக்கொண்ட அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள்.

"அது அடிபட்ட டிஸ்க்கு, சும்மா சும்மா அடிக்கும்" என்றார் கஸ்பார். டிக், டிக். "விசாரணைக்கு அதக் கொண்டுவர வேண்டாம், தாளு மட்டும் போதும்."

கமிட்டி அறுபத்து மூன்றுக்குக் கை தூக்கியது. எஸ்கலின் அறுபத்து நாலையும் அச்செடுத்தாள், ஒரு தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

விசாரணைக்குத் தெரு இரண்டு வேனில் போனது. ஜெபமாலை மடியில் மாவு ஊற்றிக் கொடுக்கிற தூக்குவாளியை வைத்திருந்தாள், அதற்குள் துண்டில் சுற்றின டிஸ்க் இருந்தது. யாரிடமும் கேட்டுக்கொண்டு அவள் எதையும் செய்கிறவள் அல்ல. சுடலியை வேனில் ஏற யாரும் கூப்பிடவில்லை. அவள் பஸ் ஏறி முன்னாலேயே வந்து, அலுவலகத்துக்கு எதிரே சாலையோர வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள்.

அதிகாரி நல்ல இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். கோப்பைத் திறந்து, தலை நிமிராமல் வாசித்தார்: "மேற்படி இடத்தில் குடியிருப்பு ஏதும் இல்லை."

டிக்.

கரண்ட் கிடையாது, பெட்டி கிடையாது, ஒயர் கிடையாது, தூக்குவாளிக்குள்ளிருந்து அடித்தது. தெருக்காரர்களுக்கு இதில் ஒன்றும் புதிதில்லை, அவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார். "நேரடிக் கள ஆய்வின்படி" என்று தொடர்ந்தார், டிக், டிக். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "நானே வந்து பாத்துட்டுத்தான் எழுதியிருக்கேன்" என்றார், டிக், டிக், டிக்.

"என்ன சத்தம் அது?"

"எங்க டிஸ்க்கு சார்" என்றாள் எஸ்கலின். "பொய் சொன்னா அடிக்கும். நெசத்தச் சொன்னா நின்னுரும்."

"முதல்ல அத வெளிய கொண்டு போங்க!"

ஜெபமாலை தூக்குவாளியை வெளியே கொண்டுபோய் வராந்தாவில் வைத்தாள். அவர் "குடியிருப்பு" என்று ஆரம்பித்தார், டிக் என்று வராந்தாவிலிருந்து கேட்டது. அவள் அதைச் சாலைக்குக் கொண்டுபோய், வேப்பமரத்தடியில் நின்ற சுடலியின் கையில் கொடுத்து, "பிடிச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாள். அவர் மறுபடியும் ஆரம்பித்தார். லாரி போகிற சத்தத்தையும் மீறி அங்கிருந்து கேட்டது. அறையில் ஒரு ஆளும் சிரிக்கவில்லை, ஒரு ஆளும் எழுந்து போகவுமில்லை. அறுபத்து மூன்று வீட்டுச் சனமும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் கோப்பை மூடி, தன் கைகளிடம் சொல்லுகிற மாதிரி, "நான் அங்க வரல. ஆபீஸ்ல உக்காந்து எழுதினது" என்றார்.

சத்தம் நின்றது.

அவர் ஒரு புதுத் தாளை எடுத்தார். "எத்தன வீடு?"

கஸ்பார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார். "அறுபத்தி மூணு சார்."

சாலையிலிருந்து டிக் என்று கேட்பதற்கு முன்பே எஸ்கலின் எழுந்துவிட்டாள். "அறுபத்தி நாலு" என்று சொல்லிப் பையிலிருந்த தாளை மேசைமேல் வைத்தாள்.

"ஏட்டி, உக்காரு" என்று கஸ்பார் பல்லைக் கடித்தார். "மொத்தமும் போயிரும்."

"போனா மொத்தமும் போட்டும்ண்ணே. ஒரு தடவ வாய மூடிப் பாத்தாச்சு, எனக்கு அது போதும்."

அவள் வாசலுக்குப் போய்க் கையசைத்தாள். சுடலி தூக்குவாளியோடு சாலையைத் தாண்டி உள்ளே வந்தாள், உப்பு வெடித்த கால்களோடு அந்தப் பளபளத்த தரையில் நடந்து மேசைக்கு முன்னால் நின்றாள். அதிகாரி ரசீதைப் புரட்டினார், ஓடைக்கரை என்ற சொல்லைக் கண்டதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஓடைப் புறம்போக்கா?"

"ஓடைக்கரைதான்" என்றாள் சுடலி. "ஆனா ஓடை வாரதுக்கு முந்தியே நான் அங்க இருக்கேன். அந்த ஓடைய வெட்ட வந்த ஆளுவளுக்குக் கொடத்துல தண்ணி மோந்து குடுத்தது நான்தான். இந்தத் தெருவுல மொத வீடு என் வீடு."

அதிகாரி தூக்குவாளியைப் பார்த்தார். கஸ்பார் தூக்குவாளியைப் பார்த்தார். அறையே அதைப் பார்த்தது. அது பேசாமல் இருந்தது.

"கதவு எண்?" என்றார் அதிகாரி.

சுடலிக்கு எண் இல்லை, அவள் யாரையும் பார்க்காமல் நின்றாள். கஸ்பார் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார், மூன்றாவது தடவை கிரேன் மேலிருந்து கத்துகிற தன் பழைய குரலிலேயே சொன்னார்:

"பூஜ்யம்னு எழுதுங்க சார். எங்க தெரு அங்கருந்துதான் தொடங்குது."

எல்லோரும் தூக்குவாளியின் பக்கம் காதைக் கொடுத்தார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. அதிகாரி எழுதினார்.